பழவேற்காட்டை ஏரி என்பவர்களுக்கு

கழி என்றொரு சொல் தமிழில் உண்டு. கடல்நீர் ஏறி வந்து திரும்பும் கரையோர நீர்ப்பரப்பைச் சுட்ட நெய்தல் திணைப் புலவர்கள் கையாண்டது. அச்சொல் கைவசம் இருக்க, சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர்ப் பரப்பு இன்றும் 'பழவேற்காடு ஏரி' என்றே எழுதப்படுகிறது. அரசு ஆவணம் அப்படி எழுதுகிறது. பூநாரையைக் கண்டு நெகிழும் பயணக் கட்டுரையும் அப்படியே. நீர்ப்பரப்பின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தெலுங்கிலும் அது 'சரஸ்ஸு'தான். பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்போரோடுதான் நமக்கு வழக்கு.

ஏரி என்றால் கரை, மதகு, கலங்கல், ஆயக்கட்டு. நீரைத் தேக்குவது அதன் தொழில். வற்றினால் அது பாழ். பழவேற்காட்டின் இயக்கம் வேறு. ஆரணியாறும் காளங்கியும் சுவர்ணமுகியும் வடகிழக்குப் பருவமழையில் நன்னீரைக் கொண்டுவருகின்றன. முகத்துவாரத்தின் வழியே கடல் ஏறுகிறது. மழையில் உவர்ப்புத் தணிந்து, கோடையில் சில இடங்களில் கடலையே விஞ்சிவிடும். பெரும்பாலான இடங்களில் ஆழம் இடுப்பளவுதான். மழை ஓய்ந்து நீர் இறங்க இறங்கச் சேறு வெளிப்படும். புழுவும் சிப்பியும் சிறு நண்டும் மண்டிய அந்தச் சேற்றை நம்பியே வடகோடி நிலங்களிலிருந்து உள்ளான்கள் வந்திறங்குகின்றன. பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகிலுள்ள சல்லடையால் வடித்து உண்பதும் ஆழமற்ற கலங்கல் நீரில்தான். நம் கவிஞர்கள் அந்திவானத்தோடு ஒப்பிட்டு மகிழும் அதன் சிவப்பு, அவ்வுணவிலிருந்து உடலில் ஏறுவது. சேற்றை விட்டுவிட்டுச் சிவப்பை மட்டும் பாடுவது நமக்கு ஒப்பவில்லை.

இறாலின் கதையும் இதுவே. கடலில் பிறந்து, குஞ்சாக முகத்துவாரம் வழியே உள்ளே வந்து, கழியில் வளர்ந்து, முட்டையிட மீண்டும் கடலுக்குப் போகிறது. மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைபட்டால் இந்தச் சுற்று அறுந்துபோகும். மீனவர்கள் மீண்டும் மீண்டும் அதைத் திறந்துவிடக் கேட்பது இதனால்தான். சிலிக்காவில் 2000ஆம் ஆண்டு புதிய வாய் வெட்டினார்கள், மீன்வளம் மீண்டது, 2002இல் ராம்சார் உடன்படிக்கையின் ஆபத்துப் பட்டியலிலிருந்து அது நீக்கப்பட்டது. ஏரி என்று மட்டும் நினைத்திருந்தால் கரையை உயர்த்தியிருப்பார்கள்.

தமிழகப் பகுதி 1980இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நல்லது. ஆனால் சரணாலயத்தின் எல்லைக்கோடு பறவையை மட்டுமே எண்ணி வரையப்பட்டதோ என்ற ஐயம் எழுகிறது. ஆறுகளின் மேற்பகுதி அக்கோட்டுக்கு வெளியே. தெற்கே எண்ணூர்க் கழியில் அனல்மின் நிலையங்களின் சாம்பல் படிகிறது; பக்கிங்காம் கால்வாய் இரு நீர்களையும் இணைக்கிறது. உமரி படர்ந்த உவர்நிலமும் கண்டல் முளைத்த ஓரமும் பூநாரை இல்லாத மாதங்களில் வெறும் தரிசாகவே பலர் கண்ணுக்குப் படுகின்றன. தரிசு என்று கண்ட நிலத்தில் எதைக் கட்டினாலும் கேட்பாரில்லை.

அங்குள்ள மக்களே ஏரி என்றுதானே சொல்கிறார்கள் என்று ஒரு மறுப்பு வரக்கூடும். சொல்லட்டும். அவர்கள் வாய் ஏரி என்றாலும் கை கழியை அறிந்திருக்கிறது. இறால் நடமாடும் இடங்களைப் 'பாடு' என்று பகுத்து, குலுக்கிப் போட்டு முறைவைத்து வலைகட்டும் ஏற்பாடு நீரின் போக்கைத் தலைமுறைகளாகப் படித்தவர்களுடையது. (அதைப் பொற்காலமாக்கவும் வேண்டாம். பாட்டுரிமை சாதிக்கு உள்ளே நிற்பது. அதற்கு வெளியே உள்ள இருளர்கள் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள்.) நூலறிவு மிக்க நாம் எந்தக் கையறிவைக் காட்டி ஏரி என்று எழுதுவது?

ஏரி என்ற சொல் பொருந்தும் இடம் அருகிலேயே இருக்கிறது: நேலப்பட்டு. கூழைக்கடாக்கள் அந்த நன்னீர் ஏரியின் மரங்களில் கூடு கட்டி, இரைக்குப் பழவேற்காட்டுக்குப் பறந்து வருகின்றன. இரண்டும் ஒன்றல்ல என்பது பறவைக்குத் தெரிந்திருக்கிறது. சூளூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குக் கழியின் குறுக்கே மண் கொட்டி மேடாக்கிச் சாலை போட்டவர்களுக்கு அது தெரியவில்லை. அந்தச் சாலை வடபகுதியின் நீரோட்டத்தைத் தடுக்கிறது. பூநாரை பார்க்கப் போகிறவர்கள் வண்டியை நிறுத்துவது அதன்மேல்தான்.