விடிவதற்குள் வரவேண்டுமா?

புனே நகரில் குடியேறி வாழும் நம்மவர்களுக்கு நாமக்கல், சங்ககிரிப் பக்கத்து லாரிகள் புதியவை அல்ல. வீட்டுச் சாமான்களும் விழாவுக்குரிய பொருள்களும் பெரும்பாலும் அவற்றில்தான் வந்து சேர்கின்றன. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட அவ்வழியை ஓட்டி வருபவர் எத்தனை மணி நேரம் உறங்கினார் என்று நாம் கேட்பதில்லை.

சென்ற பொங்கலின்போது நாமும் கேட்கவில்லை. பானைகளும் மஞ்சள் கொத்தும் ஏற்றிவந்த ஓட்டுநரை, "எப்படியாவது விடிவதற்குள் வந்துவிடுங்கள்" என்று இரவில் மும்முறை போனில் நெருக்கினோம். அவரும் வந்துவிட்டார், கண்கள் சிவந்திருந்தன. "சதாரா தாண்டிக் கண் அசந்துவிட்டதுங்க ஐயா. வண்டி ஓரத்து மண்ணில் இறங்கிய குலுக்கலில்தான் விழித்தேன்" என்றார். அன்று உண்ட பொங்கல் நமக்கு இனிக்கவில்லை.

பின்னிரவு இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை உடல் தானே உறக்கத்தை நாடும். தேநீர் சற்று நேரம் தாங்குமேயன்றி உறக்கத்துக்கு ஈடாகாது. 1961ஆம் ஆண்டிலேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலையென வரையறுத்தது. ஐந்து மணி நேர வேலைக்குப்பின் அரை மணியேனும் ஓய்வு வேண்டுமென்றும் விதித்தது. ஏட்டில் உள்ளது சாலையில் இல்லாமற் போவதற்கு அவசரப்படுத்தும் நாமும் ஒரு காரணமே.

மற்றோர் ஆபத்து இறக்கத்தில் உள்ளது. கத்ரஜ் சுரங்கப்பாதையிலிருந்து நவலே பாலம் வரை நாம் அடிக்கடி கடக்கும் சரிவில், டீசல் மிச்சமாகுமென நியூட்ரலில் விடுவோர் உண்டு. கியரில் இருந்தால் எஞ்சினும் வேகத்தை அடக்கும். நியூட்ரலிலோ முழுப் பாரமும் பிரேக்கின்மேல் விழ, அது சூடேறிப் பிடிப்பிழக்கும். 2022 நவம்பரில் அங்கே லாரியொன்று பல வண்டிகளை மோதி நொறுக்கியதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

ஆகவே நாம் செய்யக்கூடியவை சில. பொருள் வரவேண்டிய நாளுக்கு ஒரு நாள் முன்னதாகவே லாரிக்கு ஏற்பாடு செய்வோம். ஓடும் வண்டிக்குப் போன் செய்யாதிருப்போம். வந்திறங்கியவருக்குக் குளிக்க நீரும், உண்ணச் சோறும், படுக்க இடமும் தருவோம். விபத்தைக் கண்டால் தயங்காது 108க்கோ 112க்கோ தெரிவிப்போம். நல்லெண்ணத்துடன் உதவுவோருக்கு 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் பாதுகாப்பளித்துள்ளது.

அடுத்த பொங்கலுக்குப் பானை ஒரு நாள் தாமதித்து வந்தாலும் குறையில்லை. அதைக் கொண்டுவருபவர் தம் வீட்டுப் பொங்கலுக்குத் திரும்பிச் சேரவேண்டும்.