அம்பு இல்லாத செபஸ்தியார்: வண்ணத்தைச் சுரண்டியது யார்?

ஐரோப்பிய மியூசியங்களில் லிண்டன் மரத்தில் செதுக்கிய இளைஞன் ஒருவனைப் பார்க்கலாம். கைகள் கட்டப்பட்டிருக்கும், இடுப்பில் ஒரு துணி, உடம்பெங்கும் ஓட்டைகள். பூச்சி அரிச்சதுன்னு நினைச்சிடாதீங்க (அதுவும் கொஞ்சம் இருக்கும்). பெரிய ஓட்டைகள் அம்பு செருகியவை. அம்புகள் எப்போதோ உதிர்ந்துவிட்டன.

இவர்தான் புனித செபஸ்தியார். ரோமப் பேரரசர் டயோக்ளீசியன் காலத்து மறைசாட்சி. ஆனால் மரபுக் கதைப்படி அம்பு பட்டு அவர் சாகவில்லை. ஐரீன் என்ற விதவை காயத்துக்கு மருந்து போட்டுப் பிழைக்கவைத்தார். திரும்பவும் பேரரசர் முன்னால் போய்த் தட்டிக்கேட்டதால் தடியால் அடித்தே கொன்றார்கள். அப்புறம் ஏன் எல்லாச் சிற்பத்திலும் அம்பு? கொள்ளைநோயை வானிலிருந்து பாயும் அம்பாகவே அன்றைய மக்கள் கற்பனை செய்தார்கள். அம்புக்குத் தப்பியவர் நம்மையும் காப்பார் என்று நம்பினார்கள்.

சரி, சிற்பம் ஏன் வெறும் மரநிறத்தில் இருக்கிறது? ‘மரத்தின் இயற்கை அழகு’ என்று ரசிப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது: 15-ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் இவை பெரும்பாலும் இப்படி இருந்ததே இல்லை. சுண்ணமும் விலங்குப் பசையும் கலந்து பூசி, மேலே சதை நிறம், ரத்தச் சிவப்பு, தங்க ரேக்கு என்று ஏற்றுவார்கள். அது தனி ஓவியரின் வேலை. செதுக்கியவரை விட அவருக்குக் கூலி அதிகம் கிடைப்பதும் உண்டு. விதிவிலக்கு இல்லாமல் இல்லை. ரீமன்ஷ்னைடர் என்ற சிற்பி 1490-92-இல் ம்யூனர்ஷ்டாட் ஊருக்குச் செய்த பீடச் சிற்பங்களை முழு வண்ணம் பூசாமல் விட்டார். ஊராருக்கு அது திருப்தியில்லை. பன்னிரண்டு வருஷத்தில் ஃபைட் ஷ்டோஸ் என்பவரைப் பிடித்து வண்ணம் அடிக்கவைத்தார்கள்!

பல சிற்பங்களில் அந்த வண்ணம் போனது 19-ஆம் நூற்றாண்டில். வெறும் மரம்தான் உயர்ந்த ரசனை என்று முடிவுகட்டி, வியாபாரிகளும் சேகரிப்பாளர்களும் சுரண்டி எடுத்தார்கள். மீண்டும் பூசச் சொல்வது தப்பு. துணி மடிப்பில் ஒட்டியிருக்கும் மிச்ச ஆதாரமும் அழிந்துவிடும். ஆனால் ‘வண்ணம் பிற்காலத்தில் அகற்றப்பட்டது’ என்று பக்கத்தில் ஒரு வரி எழுத என்ன செலவு? பழைய நிறத்தைக் காட்டும் டிஜிட்டல் படமும் வைக்கலாம்.

ஜனவரி 20 திருவிழாவில் தமிழக ஊர்களில் தேரேறும் செபஸ்தியாரின் பளீர் சிவப்பு ரத்தத்தைப் பார்த்து ‘ஓவரா இருக்கு’ என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. அன்றைய ஜெர்மன் சிற்பிக்கு மியூசியத்தில் நிற்கும் மரநிறச் சிலையைவிட அதுதான் பழகிய முகமாகத் தெரியும்.