டார்ஸியின் வரவு செலவு

சென்ற மாதம் எனக்கும் என் மனைவிக்கும் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. அவள் படிக்கிற காதல் நாவல்களை நான் படிக்க வேண்டும். நான் படிக்கிற சுயசரிதைகளை அவள் படிக்க வேண்டும். காரணம், வழக்கம் போல ஒரு சண்டை. "எப்பப் பாத்தாலும் செத்துப் போனவங்க கதை!" என்றாள் அவள். "உன்னோடது பொறக்கவே பொறக்காதவங்க கதை" என்றேன் நான். ரசம் ஆறிப் போனதுதான் மிச்சம்.

முதலில் எனக்குக் கிடைத்தது எரிக் ஸீகலின் 'லவ் ஸ்டோரி'. முப்பத்தெட்டு வயசு ஆசாமி மின்சார ரயிலில் அந்தத் தலைப்பை விரித்துப் பிடித்துக் கொண்டு உட்கார முடியுமா? வருமான வரிக் கையேட்டுக்குள் வைத்துப் படித்தேன். பக்கத்து சீட்காரர் என் கண் கலங்குவதைப் பார்த்துவிட்டு, "டிடிஎஸ் ரொம்பப் பிடிச்சுட்டாங்களா சார்?" என்று கேட்டார்.

ஸீகல் பல்கலைக்கழகத்தில் கிரேக்க, லத்தீன் இலக்கியம் சொல்லிக் கொடுத்தவர். முதலில் எழுதியது சினிமாத் திரைக்கதை. படத்துக்கு விளம்பரமாக இருக்கட்டும் என்று அதையே நாவலாக்கி 1970 பிப்ரவரியில், காதலர் தினத்தன்று, வெளியிட்டார்கள். விளம்பர நோட்டீஸ் அழ வைக்கிறதே என்று எனக்கு எரிச்சல். மன்னிப்பு பற்றி அதில் வருகிற பிரசித்தி பெற்ற வாக்கியத்தை இங்கே எழுதப் போவதில்லை. வீட்டில் ஒரு தடவை பிரயோகித்துப் பார்த்தேன். பலிக்கவில்லை.

கதையில் எனக்கு உறுத்தியது ஒரே ஒரு இடம். பெண்ணுக்கு உயிர்க்கொல்லி நோய். டாக்டர் அதைப் புருஷனிடம் சொல்கிறார், அவளிடம் அல்ல. நோய் அவளுக்கு, ரிப்போர்ட் அவனுக்கு.

அடுத்து ஜேன் ஆஸ்டினின் 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்'. 1813-ல் வந்த நாவல். பால் டான்ஸும் பெருமூச்சுமாக இருக்கும் என்று நினைத்துத் திறந்தேன். திறந்தால் பேலன்ஸ் ஷீட்! சத்தியமாகச் சொல்கிறேன், நான் பி.காம். படித்தது வீண் போகவில்லை என்று முதல் தடவையாகத் தோன்றியது. பொதுவாக நம் காதல் கதாநாயகர்கள் எல்லாரும் 'தொழிலதிபர்'கள். என்ன தொழில், எத்தனை டர்ன் ஓவர், ஒருவரும் சொல்ல மாட்டார்கள். ஆஸ்டின் அம்மாள் அப்படியில்லை. டார்ஸிக்கு வருஷ வருமானம் பத்தாயிரம் பவுண்டு. எலிசபெத்தின் அப்பாவுக்கு இரண்டாயிரம். அவருக்கு ஐந்து பெண்கள். பிள்ளை கிடையாது. நிலமோ ஆண் வாரிசுக்குத்தான் போகும். அதாவது அப்பா கண்ணை மூடினால் சொத்து தூரத்து உறவுக்காரரான பாதிரி காலின்ஸுக்கு. பையன் பிறப்பான், அவன் பார்த்துக் கொள்வான் என்று மனுஷர் சல்லிக்காசு சேர்த்து வைக்கவில்லை. (இந்த மாதிரி அப்பாக்களை எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.)

அந்தக் காலின்ஸ் எலிசபெத்திடம் கல்யாணம் கேட்கிற காட்சி இருக்கிறதே, விழுந்து விழுந்து சிரித்தேன். உன் பங்குக்கு ஆயிரம் பவுண்டு, நாலு பர்சென்ட் வட்டி, அதுவும் உன் அம்மா காலத்துக்கு அப்புறம்தான் என்று அவளிடமே கணக்குச் சொல்கிறார். வருஷம் நாற்பது பவுண்டு! அதைப் பெரிய மனசு பண்ணிக் குத்திக் காட்ட மாட்டாராம். அவள் முடியாது என்கிறாள். மூன்றாம் நாளே அவளுடைய சிநேகிதி ஷார்லட்டிடம் போய்க் கேட்கிறார். அவள் சரி என்று விடுகிறாள். ஷார்லட்டுக்கு வயசு இருபத்தேழு.

டார்ஸி பற்றி ஊரெல்லாம் பேசியாயிற்று. என் பங்குக்கு ஒன்று. காதலுக்காக அவர் செய்கிற பெரிய காரியம் கவிதை அல்ல, பட்டுவாடா. எலிசபெத்தின் தங்கையை இழுத்துக் கொண்டு ஓடிய விக்கமின் கடன் ஆயிரம் பவுண்டுக்கு மேல். அதை அடைத்து, தங்கை பேரில் இன்னொரு ஆயிரம் எழுதி வைத்து, அவனுக்குப் பட்டாளத்தில் உத்தியோகமும் வாங்கிக் கொடுத்துக் கட்டி வைக்கிறார். அத்தனையும் யாருக்கும் சொல்லாமல். ரசீது கூட வாங்காமல் செய்த செலவு! இதை எழுதிய அம்மாளுக்கு மொத்தமாகக் கிடைத்தது 110 பவுண்டு. உரிமையைப் பதிப்பாளருக்கு விற்றுவிட்டார். முதல் பதிப்பில் அவர் பெயர் கூடக் கிடையாது.

இந்தப் பக்கம் ஒப்பந்தப்படி என் மனைவி பால் கலாநிதியின் புத்தகத்தை இரண்டே ராத்திரியில் முடித்தாள். அமெரிக்காவில் வளர்ந்த மூளை அறுவை டாக்டர். பெயரே சொல்லும், வேர் நம் பக்கம். 36 வயசில் நுரையீரல் புற்றுநோய். தன்னுடைய ஸ்கேனைத் தானே கம்ப்யூட்டரில் பார்க்கிறார், பக்கத்தில் மனைவி லூசி. அவரும் டாக்டர். இங்கே ரிப்போர்ட் இரண்டு பேருக்கும் ஒன்றாகவே கிடைக்கிறது. அதற்கு முன்னால் அந்தக் கல்யாணம் விரிசல் விட்டிருந்ததையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். வேலை, வேலை, எந்நேரமும் ஆஸ்பத்திரி. வியாதி வந்த பிறகு குழந்தை பெற்றுக் கொள்கிறார்கள். 2015 மார்ச்சில் அவர் இறந்தபோது பெண்ணுக்கு எட்டு மாதம். புத்தகம் 2016-ல் வந்தது, கடைசிப் பகுதியை லூசி எழுதி முடித்து.

"எப்படி இருந்தது?" என்றேன்.

"இதுதாங்க காதல் கதை. நீங்க தப்பான அலமாரியில வெச்சிருக்கீங்க."

அடுத்து உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' கொடுத்தேன். என் பொக்கிஷம் அது. 1940-லிருந்து வாரா வாரம் விகடனில் வந்தது. 1942 ஏப்ரலில் அவர் காலமானதால் பாதியில் நின்றது. தமிழ் படிப்பதற்காக ஒரு பையன் ஊர் ஊராகத் திரிந்ததும், மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்ததும்... எத்தனை தடவை படித்தாலும் எனக்கு அலுக்காது. ஒரு வாரம் கழித்து, கரண்டியும் கையுமாக வந்து நின்றாள்.

"நல்லாத்தான் இருக்கு. வாத்தியாரைப் பத்தி எவ்வளவு ஆசையா எழுதறார்! அவர் ஒரு வார்த்தை கோவமாப் பேசினாக்கூட ஞாபகம் வெச்சிருக்கார். கல்யாணம் ஒரு அத்தியாயம். அப்புறம் அந்த அம்மாவைத் தேடிக்கிட்டே இருக்கேன், எப்பவாவதுதான் தலை தெரியுது."

"அந்தக் காலம் அப்படி" என்றேன்.

"சரி. நீங்க எழுதினா நான் எத்தனாம் பக்கத்துல வருவேன்?"

விடுவேனா? அன்றைக்கே உட்கார்ந்தேன். எனக்குத் தினசரி கணக்கு எழுதுகிற பழக்கம் உண்டு. பழைய டயரியைத் தேடி எடுத்தேன். பெண் பார்க்கப் போன நாள்: ஆட்டோ 140, பூ, பழம் 210, திரும்பும்போது காபி 60. பைசா பிசகாமல் இருந்தது. அவளும் நானும் பால்கனியில் பத்து நிமிஷம் தனியாகப் பேசினோமே, அதற்கு மட்டும் ஒரு வரி இல்லை. நல்ல விஷயமாக ஏதோ பேசியதாக ஞாபகம்.

"அன்னிக்கு நீ என்ன கேட்டே?" என்றேன்.

அவள் யோசிக்கவே இல்லை. "சி.ஏ. இன்டர் பாதியில நிக்குது, கல்யாணத்துக்கு அப்புறம் முடிக்கலாமான்னு கேட்டேன். நீங்க பார்க்கலாம்னு சொன்னீங்க."

எட்டு வருஷ நிலுவை. எந்தப் பேரேட்டிலும் ஏற்றப்படாத நிலுவை.

"அப்ப உனக்கு..."

"இருபத்தேழு" என்றாள். அந்த வயசை நான் ரயிலில் எங்கே படித்தேன் என்பது அவளுக்குத் தெரியும். புத்தகம் அவளுடையதாயிற்றே!

ஷார்லட் கல்யாணத்துக்குப் பிறகு என்ன செய்கிறாள் என்று சொல்லவில்லையே. பாதிரி அடிக்கடி வராத பின்கட்டு அறையைத் தனக்கென்று வைத்துக் கொள்கிறாள். தோட்ட வேலை உடம்புக்கு நல்லது என்று அவரை உசுப்பிவிட்டு வெளியே அனுப்புகிறாள். படிக்கும்போது சிரித்தேன். இப்போது அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை.

"அப்ப நான்தான் காலின்ஸா?" என்று கேட்டே விட்டேன்.

"சேச்சே" என்றாள் காய் நறுக்கிக் கொண்டே. "நமக்குத் தோட்டம் ஏது? ஃபிளாட்தானே."

ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடிக்கு நாலு தொட்டி வாங்கி வந்தேன். ரூபாய் 480. கணக்கில் எழுதியாயிற்று. அவள் சிரித்துவிட்டு, பரண் மேல் இருக்கும் அட்டைப் பெட்டியை இறக்கித் தரச் சொன்னாள். அவளுடைய சி.ஏ. புத்தகங்கள். தூசி தட்டவே ஒரு மணி நேரம் பிடித்தது. வரி பற்றிய புத்தகங்கள் எல்லாம் 2017-ல் ஜி.எஸ்.டி. வருவதற்கு முன்னால் அச்சானவை. புதுசு வாங்க வேண்டும்.