எட்டே நிமிஷத்தில் அரியலூர்

பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு விமானத்தில் போயிருக்கிறீர்களா? நான் போனேன். எட்டே நிமிஷம். சில்லறை கேட்டுத் திட்ட கண்டக்டர் கிடையாது.

ரீல் இல்லை ஸார். இரண்டு ஊரிலும் ஏர்போர்ட் இல்லைதான். ஆனால் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் இருக்கிறதே! கம்ப்யூட்டருக்கு 2020-லும், டி.வி.யில் மாட்டி ஆடும் எக்ஸ்பாக்ஸுக்கு 2021-லும் வந்த விளையாட்டு. சுடுவது, துரத்துவது எதுவும் வேண்டாம், சும்மா பறக்கலாம். கீழே தெரிகிற பூமி, நிஜ சாட்டிலைட் படங்களை வைத்துச் செய்தது.

அக்கா பையனின் எக்ஸ்பாக்ஸில், செஸ்னா 172-ல் திருச்சியிலிருந்து கிளம்பினேன். பக்கத்தில் அப்பா. வயசு எழுபத்தெட்டு. ப்ளேன் ஏறியதே இல்லை. "பாத்துடா, மரம் வருது" என்று சோபாவை இறுக்கிப் பிடித்துக் கொண்டார்.

பெரம்பலூர் வந்ததும் கிழக்கே திரும்பினேன். அரியலூர் நெருங்க நெருங்க, பச்சைக்கு நடுவே வெளுத்த பள்ளங்கள். சிமெண்ட்டுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டிய குவாரிகள். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன் அங்கே கடல் இருந்ததாம்.

அப்பா எழுந்து டி.வி.யைத் தொட்டார்.

"இதாண்டா நம்ம கடலைக் கொல்லை."

அவர் விரல் ஒரு பள்ளத்தின் நடுவில் இருந்தது. அக்கா கல்யாணத்துக்கு விற்றது.

"அங்க எறக்கு."

"பள்ளம்ப்பா. மோதிடும்."

"வெளயாட்டுதானே? எறக்கு."

இறக்கினேன். டமால்!

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "இன்னொரு வாட்டி போடா. இந்தத் தடவ மெதுவா."