விசா வேண்டாம், விதிமுறை வேண்டும்



1990 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்ட நமது குடும்பங்கள் இன்று ஒரே ஊரில் இல்லை. உம்மா சோனகத் தெருவில், மகள் புத்தளத்தில், மகன் லண்டனில், மருமகளின் வீட்டார் பாரிஸில் என்று பிரிந்து வாழ்கிறோம். ஒரு கலியாணம், ஒரு பிள்ளைப்பேறு, ஒரு மௌத்து என்றால் கடல் கடந்து போய்வர வேண்டியிருக்கிறது. பிரித்தானிய, கனேடியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் உறவினர்கள் பல நாடுகளுக்கு விசா எடுக்காமலே போகிறார்கள். "விசா தேவையில்லையாம், நினைத்த நேரம் போகலாம், விரும்பிய மட்டும் நிற்கலாம்" என்று வீடுகளில் பேசிக்கொள்கிறார்கள். இந்தப் பேச்சை நம்பிப் போய் விமான நிலையத்தில் திருப்பி அனுப்பப்படுவோர் உண்டு. ஆகவே இதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு ஹுதைபியாவில் நபி (ஸல்) அவர்கள் குறைஷிகளுடன் செய்த உடன்படிக்கையை நீங்கள் அறிவீர்கள். அவ்வாண்டு முஸ்லிம்கள் திரும்பிவிட வேண்டும். மறு ஆண்டு உம்ராவுக்கு வரலாம். உறையிலிட்ட வாளைத் தவிர வேறு ஆயுதம் கூடாது. மூன்று நாட்கள் மட்டுமே மக்காவில் தங்கலாம். மறு ஆண்டு அவ்வாறே வந்தார்கள். தவணை முடிந்ததும் வெளியேறும்படி குறைஷிகள் ஆளனுப்பினார்கள். மைமூனா (ரலி) அவர்களைத் திருமணம் செய்திருந்த நபியவர்கள் அங்கேயே வலீமா விருந்து கொடுக்க விரும்பினார்கள். குறைஷிகள் இணங்கவில்லை. பிறந்த ஊர்; கூடவே பெரும் கூட்டம்; மணவிருந்து என்ற நியாயமான காரணமும் இருந்தது. இருந்தும் ஒரு நாள்கூட மேலதிகமாகத் தங்காமல் புறப்பட்டு, வழியில் ஸரிஃப் என்னும் இடத்தில் இல்லறத்தைத் தொடங்கினார்கள். குறுகிய காலப் பயணத்துக்கு இதைவிடச் சிறந்த பாடம் நமக்கு வேண்டியதில்லை. யார் வரலாம், எதற்காக வரலாம், எத்தனை நாள் நிற்கலாம் என்ற மூன்றும் அதில் அடங்கியிருக்கின்றன.

நமது கடலிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. நெடுந்தீவுக்கு அப்பால் உள்ள கச்சதீவு பற்றி 1974 ஜூன் மாதம் திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் திருமதி இந்திரா காந்தியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவின்படி, இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே அங்கு வந்துபோகலாம். அதற்கு இலங்கையின் விசாவோ பயணப் பத்திரமோ தேவையில்லை. அந்தோனியார் திருவிழாவுக்கு இராமேஸ்வரத்திலிருந்து கிறிஸ்தவ மக்கள் வருவது இந்த ஏற்பாட்டில்தான். அவர்களும் முன்கூட்டியே பெயர் பதிந்து, அடையாள அட்டையுடன் வந்து, விழா முடிந்ததும் வந்த படகிலேயே திரும்புகிறார்கள். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், யாழ்ப்பாணத்தில் உறவினரையும் பார்த்துவிட்டுப் போவோம்" என்று ஒருவர் கரையேறினால் அது சட்டவிரோதம். சலுகை அந்தத் தீவுக்கும் அந்தக் காரியத்துக்கும் மட்டுமே.

இனி ஐரோப்பாவுக்கு வருவோம். பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ், நோர்வே முதலான நாடுகள் ஷெங்கன் என்ற ஒரே எல்லைக்குள் அடங்குபவை. வெளிநாட்டு விருந்தாளி ஒருவர் எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாட்கள் மட்டுமே அங்கு தங்கலாம். விசா தேவைப்படாதவருக்கும், நம்மைப்போல் விசா எடுத்துப் பலமுறை போய்வருபவருக்கும் இதே கணக்குத்தான். 2021 முதல் பிரித்தானியக் கடவுச்சீட்டு உள்ளவர்களும் இதற்குள் வந்துவிட்டார்கள்.

லண்டனில் உள்ள ஒரு சகோதரி மார்ச் 1 முதல் ஏப்ரல் 29 வரை பாரிஸில் தங்கைக்குப் பிள்ளைப்பேறு பார்க்கிறார் என்று வையுங்கள். 60 நாட்கள் போயின. வீடு திரும்பி, மீண்டும் ஜூன் 15இல் ஒரு கலியாணத்துக்குப் போகிறார். ஒன்றரை மாதம் வெளியில் இருந்தபடியால் பழைய கணக்கு அழிந்துவிடாது. எஞ்சியவை 30 நாட்களே. ஜூலை 14க்குள் வெளியேற வேண்டும். பாரிஸிலிருந்து சுவிஸுக்குப் போய் வந்தாலும் கணக்கு புதிதாகத் தொடங்காது. முன்பு முத்திரை பார்த்துக் கணக்கிட்டார்கள். 2025 ஒக்டோபர் 12 முதல் கைரேகையையும் முகத்தையும் கணினியில் பதியும் முறை ஆரம்பமாகிவிட்டது. இனி ஒரு நாள் பிசகினாலும் அது காட்டிக்கொடுக்கும்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ளுங்கள். நமது ஷாபிஈ மத்ஹபில், ஓர் ஊரில் முழுதாக நான்கு நாட்கள் தங்க நிய்யத் வைத்தவர் கஸ்ர் தொழ முடியாது. அந்த நான்கில் போய்ச் சேர்ந்த நாளும் புறப்படும் நாளும் சேராது. ஷெங்கன் கணக்கில் அந்த இரண்டு நாட்களும் சேரும். தொழுகைக் கணக்கை அதற்கும், குடிவரவுக் கணக்கை இதற்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

நாட்களைப் போலவே நோக்கமும் முக்கியம். சுற்றிப் பார்க்க வந்தவர் கூலிக்கு வேலை செய்தால் உள்ளே வந்த நிபந்தனையையே முறித்தவராகிறார். அவருக்குச் சம்பளம் மறுக்கப்பட்டால் முறையிட அஞ்சுவார். 2022ஆம் ஆண்டில் சுற்றுலா விசாவில் ஓமானுக்கு அனுப்பப்பட்ட இலங்கைப் பெண்கள் பட்ட துயரம் நாடறிந்தது. "முதலில் விசிட்டில் போங்கள், வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று எந்த முகவர் சொன்னாலும் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். வேலைக்குப் போவதானால் வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்தே போக வேண்டும்.

வீட்டுக் கணக்கு எழுதும் கொப்பியில் ஒரு பக்கத்தைப் பயணத்துக்கு ஒதுக்குங்கள். போன திகதி, வந்த திகதி, எஞ்சிய நாட்கள் என்று மூன்று நிரல் போதும். டிக்கட் வாங்குமுன் அந்நாட்டுத் தூதரகத்தில் விசாரியுங்கள். சலுகைகள் அடிக்கடி மாறுகின்றன. ஒருவர் மீறித் தங்கினால் அடுத்த முறை அவருக்குக் கதவு அடைபடலாம். உம்மாவின் மையித்தைப் பார்க்கவும் போக முடியாமல் போன பிறகு அழுது என்ன பயன்?

கொடுத்த வாக்கை நிறைவேற்றுவது ஈமானின் அடையாளம். எல்லையில் நாம் சொல்லும் "இத்தனை நாளில் திரும்புவேன்" என்பதும் வாக்குத்தான். அதைப் பேணும் நற்பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக, ஆமீன்.