அகராதி சாட்சி சொல்லாது

1999 ஜனவரி. வாஷிங்டன் மேயர் அலுவலகத்தில் டேவிட் ஹோவர்ட் என்ற வெள்ளைக்கார உதவியாளர் சக ஊழியர்களோடு ஒரு நிதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பணம் கம்மி, இறுக்கிப் பிடித்துத்தான் செலவழிக்கணும் என்பதைச் சொல்ல 'நிகர்ட்லி' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். கஞ்சத்தனமாக என்று அர்த்தம். கேட்டவர் காதில் அது கறுப்பர்களைக் கேவலப்படுத்தும் அந்த வசைச்சொல்லாக விழுந்தது. பேச்சு பரவியது. சில நாட்களில் ஹோவர்ட் ராஜினாமா செய்தார். மேயர் ஆந்தனி வில்லியம்ஸ் அதை ஏற்றுக்கொண்டார். வில்லியம்ஸும் கறுப்பர்.

இதை ஒரு நீதிக்கதை மாதிரி சொல்லிச் சிரிக்கிறவர்கள் உண்டு. "டிக்‌ஷனரி பார்க்கத் தெரியாதவன் ஜெயிச்ச கதை பாஸ் இது!" எனக்குப் பிரச்சினை இந்தச் சிரிப்போடுதான்.

அகராதி சொல்வது சரி, அதில் சண்டையே இல்லை. 'நிகர்ட்' 14ஆம் நூற்றாண்டிலேயே சாசர் எழுதிய சொல். வேர் ஸ்காண்டிநேவியப் பக்கம் இருக்கலாம் என்கிறார்கள். வசைச்சொல்லோ கறுப்பு என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஹோவர்ட் வேலையை விட நேர்ந்தது அநியாயம் என்பதும் சரி.

ஆனால் சிரிக்கிறவர்கள் கதையைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். ஹோவர்டுக்காக வெளிப்படையாகப் பேசியவர் ஜூலியன் பாண்ட். கறுப்பர்களின் பெரிய உரிமை அமைப்பான என்ஏஏசிபியின் தலைவர். சில வாரங்களிலேயே மேயர் ஹோவர்டைத் திரும்பக் கூப்பிட்டார். ஹோவர்டும், நிறத்தையே பார்க்காமல் இருக்கும் சொகுசு வெள்ளையனுக்கு மட்டும்தான் வாய்க்கிறது என்று புரிந்துகொண்டதாகப் பிற்பாடு சொன்னார். இதில் அறியாமை எங்கே ஜெயித்தது?

இனி அசல் கேள்வி. 1999க்கு முன்னால் அந்தச் சொல்லைச் சொன்னவருக்கு அப்பாவி என்று பெயர் கொடுக்கலாம். இவ்வளவும் தெரிந்த பிறகு ஒரு கறுப்பர் முன்னால் போய், உதட்டோரம் சிரிப்போடு அதையே சொல்லி, அவர் முகம் மாறினதும் "அகராதியைப் பாருங்க சார்" என்கிறவனுக்கு என்ன பெயர்? கஞ்சத்தனத்தைச் சொல்ல ஆங்கிலத்தில் வேறு சொல்லே இல்லையா? 'ஸ்டிஞ்சி' இருக்கு, 'மைசர்லி' இருக்கு. அத்தனையும் விட்டுட்டு இதைத் தேடி எடுக்கிறவன் தேடுவது பொருளை இல்லை, ஓசையை.

ஓசை சொல்லைக் கெடுக்கும் என்பது புதுசும் இல்லை. முயலுக்கு ஆங்கிலத்தில் 'கனி' என்றொரு பழைய பெயர் இருந்தது. ஓர் ஆபாசச் சொல்லுக்குப் பக்கத்தில் அது ஒலித்ததால் உச்சரிப்பையே 'கோனி' என்று மாற்றிக்கொண்டார்கள்; அன்றாடப் பேச்சில் 'ராபிட்' வந்து உட்கார்ந்தது. கழுதைக்கான 'ஆஸ்' பட்ட பாடும் அதுதான். சேவலுக்கு அமெரிக்கர்கள் 'ரூஸ்டர்' என்று வேறு பெயரையே பிடித்துக்கொண்டார்கள். அப்போதெல்லாம் மொழி செத்துப்போச்சு என்று யாரும் ஒப்பாரி வைக்கவில்லை. தன் காது கூசினால் அது நாகரிகம், கறுப்பர் காது கூசினால் மட்டும் முட்டாள்தனமா?

நம்மிடமே வருவோம். 'மயிர்' சுத்தமான தமிழ்ச்சொல். குறளில் இருக்கிறது, 969ஆம் குறளைப் பாருங்கள். அந்த தைரியத்தில் வீட்டுக்கு வந்த பெரியவரிடம் "உங்க மயிர் நரைச்சிடுச்சே" என்று சொல்லிப் பாருங்களேன். வள்ளுவர் வந்து காப்பாற்ற மாட்டார். அங்கே ஒரே சொல் கெட்டது, இங்கே பக்கத்துச் சொல்லின் அழுக்கு ஒட்டியது. வழி வேறு, காதில் விழும் அடி ஒன்றுதான். நம் இலக்கணக்காரர்கள் இதற்கு இடக்கரடக்கல் என்று பெயர் வைத்து, தகுதி வழக்கில் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தகுதி என்பது சபை பார்த்துப் பேசுவது. அதைத் தடை என்று யாரும் சொன்னதில்லை.

"அப்படியே போனா எந்தச் சொல்தான் மிஞ்சும்?" என்று கேட்பீர்கள். சாசரைப் படிக்கையில் அந்தச் சொல் வரட்டும், விளக்குங்கள். தெரியாமல் சொன்னவரை விட்டுவிடுங்கள், வேலையைப் பறிக்காதீர்கள். ஒரு சொல்லை எடுத்து அடித்துவிட்டு, அகராதிக்குப் பின்னால் ஒளிகிறவனை மட்டும் நம்பாதீர்கள். சொல்லின் பிறப்பு அகராதியில் இருக்கும். அதை யாரிடம், எதற்காக, எந்தச் சிரிப்போடு சொன்னாய் என்பது அதில் எந்தப் பக்கத்திலும் இருக்காது.