அம்மாவுக்கு ரிலீவர் யார்?

வேலைக்குப் போகும் அம்மாக்களுக்குப் பெண்கள் இதழ்களும் யூடியூப் சேனல்களும் சொல்லும் யோசனைகளை வரிசையாகப் படித்துப் பாருங்கள். முந்தின இரவே காய்கறியை நறுக்கி டப்பாவில் அடைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். தேங்காயைத் துருவி ஃப்ரீசரில் போடுங்கள். வாரத்துக்கான மெனுவை ஞாயிற்றுக்கிழமையே எழுதி ஒட்டிவிடுங்கள். எல்லாவற்றுக்கும் சிகரமாக, காலையில் அரை மணி முன்னதாக எழுந்து அந்த நேரத்தை உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். இவை பயனற்ற யோசனைகள் அல்ல. நறுக்கி வைத்த பீன்ஸ் காலையில் உதவத்தான் செய்யும். ஆனால் நறுக்கும் வேலை காலையிலிருந்து இரவுக்குப் போனதே தவிர, நறுக்கும் கை மாறவில்லை. ‘உங்களுக்கான’ அந்த அரை மணியோ தூக்கத்திலிருந்து பிய்த்தெடுத்தது. அம்மாவுக்கு ஓய்வில்லாததை நேரத்தைச் சரியாகத் திட்டமிடத் தெரியாததன் விளைவாகப் பார்ப்பதில்தான் கோளாறு. ஒரு தமிழ்க் குடும்பத்தின் காலைப்பொழுதை நடத்திக் காட்டுகிறவருக்குத் திட்டமிடல் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அவருக்கு இல்லாதது, பொறுப்பை ஒப்படைத்துவிட்டு நகர ஓர் ஆள்.

கணக்கு தெளிவாகவே இருக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இலும் 2024இலும் நாடு முழுக்க நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. 2024இல், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்குச் செலவிட்டது நாளுக்குச் சராசரியாக 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். ஈடுபட்டவர்களே எத்தனை பேர் என்று பார்த்தால் இடைவெளி இன்னும் விரிகிறது. பத்துப் பெண்களில் எட்டுப் பேர் அன்றாடம் வீட்டு வேலை செய்கிறார்கள், ஆண்களில் நான்கில் ஒருவருக்குச் சற்று மேல். பிள்ளைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்ளும் நேரம் தனி. 15 முதல் 59 வயதுக்குள் பெண்களுக்கு 140 நிமிடம், ஆண்களுக்கு 74. என் கண்ணை உறுத்தியது வேறொன்று. ஐந்து ஆண்டுகளில் பெண்களின் வீட்டு வேலை 299இலிருந்து 289 ஆகக் குறைந்தது. அதே காலத்தில் ஆண்களுடையதும் 97இலிருந்து 88 ஆகக் குறைந்தது. பெண்ணிடமிருந்து இறங்கிய பத்து நிமிடத்தை ஆண் தூக்கிக்கொள்ளவில்லை. பாக்கெட் மாவோ, கேஸ் அடுப்போ, வாஷிங் மெஷினோ கொஞ்சம் எடுத்துக்கொண்டிருக்கலாம். வீட்டுக்குள் பொறுப்பு கைமாறவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

இதே கணக்கெடுப்பை எதிர்வாதத்துக்கும் எடுத்து நீட்டலாம். தூக்கம், சாப்பாடு, குளியல் எல்லாம் சேர்ந்த சுய பராமரிப்புக்கு 2024இல் ஆண்கள் செலவிட்டது 710 நிமிடம், பெண்கள் 706. நான்கு நிமிட வித்தியாசத்துக்கா இவ்வளவு புலம்பல் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த எண் எப்படிச் சேகரிக்கப்படுகிறது என்று பார்க்க வேண்டும். முந்தின நாள் அதிகாலை 4 மணியிலிருந்து மறுநாள் அதிகாலை 4 மணி வரையிலான பொழுதை அரை மணி அரை மணியாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் என்ன செய்தீர்கள் என்று கேட்கிறார்கள். பத்து நிமிடத்துக்குக் குறைந்த வேலைகள் பொதுவாக ஏட்டில் ஏறுவதில்லை. மதியம் இரண்டு மணிக்குப் படுத்த அம்மா, கூரியர்காரருக்குக் கதவு திறக்க ஒருமுறை, குக்கர் பிரஷர் இறங்கிவிட்டதா என்று பார்க்க ஒருமுறை, ஸ்கூல் வேன் தாமதம் என்ற செய்திக்குப் பதில் போட ஒருமுறை எழுந்திருந்தால், ஏட்டில் அது ஓய்வு. காதை வாசலிலும் மூக்கை அடுப்பிலும் வைத்துக்கொண்டு படுப்பதும், எதைப் பற்றியும் நினைக்காமல் படுப்பதும் அங்கே ஒரே கட்டத்தில் விழுகின்றன. மேலோட்டமான இந்தச் சமத்துவத்தைக் குறைசொல்வது கணக்கெடுப்பைக் குறைசொல்வது ஆகாது. நிமிடத்தை அளக்கும் கருவியால் நிம்மதியை அளக்க முடியாது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்வோம். மற்ற எல்லாருக்கும் விடுமுறை என்பதாலேயே அம்மாவுக்கு அது கனமான நாள். கறியோ மீனோ வாங்கிவந்து மேடைமேல் வைத்ததும் அப்பாவின் பங்கு அநேகமாக முடிகிறது. பிள்ளைகள் தாமதமாக எழுவதால் காலைப் பலகாரம் மூன்று தவணை. யூனிஃபார்மைத் துவைத்து அயர்ன் செய்து, ஷூவைத் தேய்த்து, சாயங்காலத்துக்குள் வாரத்துக்கான இட்லி மாவையும் அரைத்தாக வேண்டும். இந்த மாவு ஒன்றையே நிதானமாகப் பாருங்கள். உளுந்து தீரப்போகிறது என்பது வியாழக்கிழமையே நினைவில் இருக்க வேண்டும். ஞாயிறு மதியம் எல்லாரும் சாப்பிட்ட பிறகு ஊறப்போட்டால்தான் சாயங்காலம் அரைக்கலாம். நடுவில் கரன்ட் போகக் கூடாது. உளுந்து பொங்கப் பொங்கத் தண்ணீர் தெளிக்கப் பக்கத்தில் ஆள் வேண்டும். அரைத்து வழித்தபின் கல்லைக் கழுவ வேண்டும். மார்கழியில் புளிக்காது, சித்திரையில் பொங்கி வழியும். அதற்கேற்ப உப்பும் இடமும் நேரமும் மாறும். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அதை ஃப்ரிட்ஜுக்கு மாற்ற வேண்டும். கிரைண்டர் சுற்றுகிற நேரம்போகக் கைவேலை ஒரு மணி நேரம்கூட இருக்காது. நினைப்பு வேலையோ வியாழன் முதல் திங்கள் வரை ஓடுகிறது. “சொன்னா நான் அரைச்சுக் குடுத்திருப்பேனே” என்று கணவர் உண்மையான அக்கறையோடு சொல்லலாம். சொல்வதற்கு முன்பு நடந்து முடிந்த வேலை அவர் பார்வையில் படவே இல்லை.

வாட்ச்மேனாக இருக்கும் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். ஷிப்ட் நேரம் முடிந்ததும் டூட்டி முடிவதில்லை, ரிலீவர் வந்த பிறகுதான் முடிகிறது. மருத்துவமனையில் செவிலியர் எந்த நோயாளிக்கு எத்தனை மணிக்கு ஊசி என்பது வரை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் கிளம்புகிறார். ஒப்படைத்த பிறகு, பதினோரு மணி ஊசி அவர் கவலை அல்ல. வீட்டில் கிடைக்கும் ‘உதவி’ இப்படிப்பட்டதாக இருப்பதில்லை. காயைக் கணவர் நறுக்கித் தருவார், எந்தக் காய், எப்படி, எதற்கு என்று அம்மா சொல்ல வேண்டும். பிள்ளையை அவர் பூங்காவுக்குக் கூட்டிப்போவார், தண்ணீர் பாட்டிலும் மாற்றுச் சட்டையும் இவர் எடுத்துவைக்க வேண்டும். உதவியாளர் ஒருவர் கூடுதலாகக் கிடைத்தார். மேற்பார்வையாளர் பணியிலிருந்து அம்மாவுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை.

சட்டமே இந்த இடத்தில் தடுமாறியிருக்கிறது. மகப்பேறு நலச் சட்டத்தில் 2017இல் கொண்டுவந்த திருத்தம், சம்பளத்தோடு கூடிய விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் கட்டாயம் என்றது. நல்ல சட்டம், சந்தேகமில்லை. ஆனால் காப்பகம் பற்றிய பிரிவைக் கொஞ்சம் நிறுத்திப் படிக்க வேண்டும். காப்பகத்துக்கு நாளுக்கு நான்கு முறை போய்வரத் தாய்க்கு அனுமதி உண்டு. அவருக்குரிய ஓய்வு இடைவேளையும் அந்த நான்கில் அடக்கம். அதாவது, குழந்தைக்குப் பால் கொடுத்து, துணி மாற்றி, அழுகையை அமர்த்திவிட்டு ஓட்டமாக இருக்கைக்குத் திரும்புவதையும் ஓய்வாகவே கணக்கில் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. தந்தை நான்கில் ஒருமுறை போகலாம் என்று அந்தப் பிரிவில் இல்லை.

இத்தனைக்கும் ஓய்வை உரிமையாகப் பேசிப் பழகிய மாநிலம் இது. துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் நாள் முழுக்க நின்றே விற்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. கால் கடுப்பவர் தன்னம்பிக்கையோடு நிற்கப் பழக வேண்டும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. முதலாளி ஸ்டூல் போட வேண்டும் என்றோம். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் பேரவையில் நிறைவேறியபோது எழுந்த எதிர்ப்பில், மே தினத்தன்று அது கைவிடப்பட்டது. நாட்டின் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். எட்டு மணி நேரத்துக்காக நாம் வாதாடிய அந்தப் பெண்களில் பலர் வீடு திரும்பியதும் தொடங்கும் அடுத்த ஷிப்டைப் பற்றி எந்தச் சங்கமும் கொடி பிடிக்கவில்லை.

கணவர்களும் சும்மா இருக்கவில்லையே என்பது வலுவான மறுப்பு. அதே 2024 கணக்கெடுப்பில், வேலைக்குப் போகும் ஆண்கள் அதற்குச் செலவிட்டது நாளுக்கு 473 நிமிடம், பெண்கள் 341. டிரைவராகவோ டெலிவரி ஊழியராகவோ பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ரோட்டில் இருந்துவிட்டு வருபவரிடம் பாத்திரம் கழுவச் சொல்வது சுலபமல்ல. அவர் களைப்பும் களைப்புத்தான். இந்தச் சராசரிகளைச் சும்மா கூட்டிக் கழித்து யார் அதிகம் உழைக்கிறார் என்று தீர்ப்புச் சொல்லவும் முடியாது, ஒவ்வொன்றும் வெவ்வேறு கூட்டத்தாரின் சராசரி. நான் கேட்பது உழைப்பைச் சரிபாதியாக நிறுக்கும் தராசை அல்ல. எவ்வளவு நீண்ட வேலைக்கும் முடிகிற நேரம் என்று ஒன்று இருக்கிறது. அம்மாவின் வேலைக்கு இல்லை. சம்பளத்துக்குப் போகாத அம்மாவுக்கும் இது பொருந்தும். இல்லத்தரசியின் உழைப்பாலும்தான் கணவர் சொத்துச் சேர்க்க முடிகிறது, அதில் அவருக்குப் பங்கு உண்டு என்று 2023 ஜூனில் தீர்ப்பளித்த சென்னை உயர் நீதிமன்றம், அதை விடுமுறையே இல்லாத வேலை என்றும் சுட்டிக்காட்டியது. சொத்தில் பங்கு நீதிமன்றம் தரலாம். ஞாயிறு மதியத்தில் பங்கு வீட்டில் இருப்பவர்தான் தர வேண்டும்.

“அவளேதான் விடமாட்டேங்கிறா, நான் செஞ்சா குறை சொல்றா” என்பது அடுத்த மறுப்பு. இதில் பாதி உண்மை இருக்கிறது. அடுப்படியைத் தன் அரசாங்கமாக வைத்துக்கொண்டு, சாம்பாரில் உப்புக் கூடினால் ஒரு வாரம் பேசுகிற அம்மாக்கள் உண்டு. ஆனால் மறுபாதியையும் பார்க்க வேண்டும். அப்பா கட்டிய டிபன் பாக்ஸில் ஸ்பூன் இல்லையென்றால் ஆசிரியை அம்மாவைத்தான் கேட்கிறார். அப்பா குளிப்பாட்டிய குழந்தைக்குச் சளி பிடித்தால் மாமியார் மருமகளைத்தான் பார்க்கிறார். தவறின் பழி தன் தலையில்தான் விழும் என்று தெரிந்தவர், வேலையைத் தன் கையைவிட்டு விடத் தயங்குவதில் வியப்பில்லை. பழியும் சேர்ந்து கைமாறினால்தான் பிடி தளரும். அதற்குச் சில மாதங்கள் உப்புக் கூடிய சாம்பாரைச் சாப்பிட வேண்டியிருக்கும், சாப்பிடலாம்.

ஆள் வைத்துக்கொள்ளலாமே என்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. வசதியுள்ள வீட்டுக்கு அது தீர்வு. காலை ஏழு மணிக்கு அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர், தன் பிள்ளையின் சாப்பாட்டை ஐந்து மணிக்கே முடித்துவிட்டு வந்த இன்னொரு அம்மா. பாட்டி பார்த்துக்கொள்வார் என்பதும் அப்படியே, அறுபது வயதிலும் ஒரு பெண்ணுக்கு டூட்டி முடியவில்லை என்றாகிறது.

பொறுப்பு முழுதாகக் கைமாறினால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டில் நல்ல சாட்சி இருக்கிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டு ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த காலை உணவுத் திட்டத்தைப் பிள்ளைகளின் ஊட்டச்சத்துத் திட்டமாக மட்டும் பார்க்கிறோம். அது அம்மாவுக்கு ஒரு ரிலீவரும்கூட. இன்று உப்புமாவா பொங்கலா, ரவை இருக்கிறதா, சாம்பாருக்கு என்ன காய் என்ற கேள்விகள் ஐந்தரை மணிக்கு அவர் தலையில் ஓட வேண்டியதில்லை. அதற்கென்று வேறொருவர் நியமிக்கப்பட்டிருக்கிறார், அந்த வேலைக்குக் கூலியும் உண்டு. அங்கே சமைப்பவர்களும் மகளிர் குழுப் பெண்களே என்ற குறை உண்மைதான். வேலை வீட்டைவிட்டு வெளியே வந்ததும் அதற்கு நேரமும் விலையும் முளைத்துவிட்டன என்பதும் உண்மை. நடுத்தர வர்க்கத்துத் தனியார் பள்ளிகள், கட்டணம் வாங்கிக்கொண்டேனும் இதைச் செய்ய எது தடுக்கிறது என்று புரியவில்லை.

வீட்டுக்குள் செய்யக் கூடியதும் இதே வழியில்தான். வேலைகளைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பட்டியல் போடுவதில் பயனில்லை, அந்தப் பட்டியலை நடத்துவதும் அம்மாவின் வேலையாகிவிடும். ஒரு வேளையையோ ஒரு துறையையோ அப்படியே ஒப்படைக்க வேண்டும். செவ்வாய், வியாழன் இரவுச் சாப்பாடு அப்பாவுடையது என்றால், என்ன சமைப்பது என்று யோசிப்பதில் தொடங்கி மேடையைத் துடைப்பது வரை அவருடையது. கடையில் பரோட்டா வாங்கிவந்தாலும் அது அவர் முடிவு. பத்து வயதைத் தாண்டிய மகனும் மகளும் தங்கள் யூனிஃபார்முக்குத் தாங்களே பொறுப்பாகலாம், திங்கட்கிழமை கசங்கிய சட்டையோடு போக நேர்ந்தாலும். பள்ளி விஷயத்தை மொத்தமாக அப்பாவிடம் கொடுப்பது இதில் மிகக் கடினம். இரவு எட்டரை மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் “நாளை சார்ட் பேப்பர் கொண்டுவரவும்” என்று செய்தி வரும்போது வீட்டில் யாருடைய போன் ஒலிக்கிறது என்பதைப் பொறுத்தே யார் கடைக்கு ஓடுவது என்பது தீர்மானமாகிறது. சேர்க்கைப் படிவத்தில் முதல் எண்ணாக அப்பாவின் எண்ணைக் கொடுத்து, குழுவிலும் அவரே இருந்துவிட்டால் ஓடுவதும் அவராகத்தான் இருக்கும். முதல் சில வாரங்களுக்கு ஆசிரியை “மேடம் இல்லீங்களா சார்?” என்று கேட்பார். போனை அடுப்படிக்குக் கொண்டுபோய் நீட்டாமல், “எங்கிட்டயே சொல்லுங்க மிஸ்” என்று அவர் சொல்ல வேண்டும்.